மைக் வைப்பதா, பிக்கப் போடுவதா?

தேவாலயப் பாடகர் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். முன்னால் மைக் வைத்தால் ஊளையிடுகிறது. பிக்கப் (ஸ்டிரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கருவி) உள்ளேயே இருக்கும் எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கிவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

முதலில் மைக்கை நகர்த்திப் பாருங்கள். சவுண்ட் ஹோலுக்கு நேரே வைத்திருப்பீர்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் அதிர்வது அந்த ஓட்டையில்தான் பலமாகக் கேட்கும்; ஊளையும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் 12ஆவதை, அதாவது 12ஆம் ஃபிரெட்டைப் பார்த்தபடி, ஒரு சாண் தள்ளி வையுங்கள். வாசிப்பவர் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

டிரம்ஸும் கூட இருந்தால் மைக் தாங்காது, பிக்கப் வேண்டும். அதற்கும் புதுக் கிட்டார் அவசியமில்லை. கைக்குப் பழகிய கிட்டாரை விட்டுவிடாதீர்கள். குறைந்த விலை எலக்ட்ரோ-அக்கூஸ்டிக்கில் பணத்தில் ஒரு பங்கு மரத்துக்குப் போகாமல் மின்சுற்றுக்குப் போய்விடுகிறது. சவுண்ட் ஹோலில் மாட்டும் காந்த பிக்கப்பை இரண்டு திருகுகளை முடுக்கி நீங்களே பொருத்தலாம். நைலான் ஸ்டிரிங் என்றால் காந்தத்துக்கு அது தெரியாது. ஸ்டிரிங்குகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில், அழுத்தத்தை மின் சிக்னலாக மாற்றும் பீசோ பிக்கப் வைக்க வேண்டும். அதைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். சேடிலின் அடிப்பாகம் சமமாக உட்காராவிட்டால் ஒரு ஸ்டிரிங் உரக்கவும் அடுத்தது மெல்லவும் கேட்கும்.

என் கிட்டாரில் பீசோ இருக்கிறது, அதன் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லை. எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பில் மந்தமாகவும், மிக்சரில் தகரம்போலவும் கேட்கிறது. எங்கே பழுது?
– வாசகர், திருச்சி

பழுது எங்கும் இல்லை. எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பில் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) கிடையாது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரிந்துவிடும். அக்கூஸ்டிக்கின் மினுமினுப்பு அங்கேதான் இருக்கிறது. அக்கூஸ்டிக் ஆம்ப், கீபோர்டு ஆம்ப் இரண்டும் பொருந்தும்.

மிக்சரில் நடப்பது வேறு. பீசோவுக்குக் குறைந்தது 1 மெகாஓம் (1,000 கிலோஓம்) மின்தடை உள்ள இன்புட் வேண்டும். மிக்சரின் லைன் இன்புட் பொதுவாக 10 கிலோஓம் அளவுதான். அந்தச் சுமையில் பேஸ் கரைந்து, கீச்சுக் குரல் மட்டும் மிஞ்சுகிறது. நடுவில் 1 மெகாஓமுக்குக் குறையாத இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கிட்டாரின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும், மின்சாரத்தில் இயங்கும் சிறு பெட்டி) வையுங்கள். அதன் பிறகும் ஒலி வெடுக்கென்று இருந்தால், 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை 3, 4 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். ஈக்யூவில் (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பலரும் ட்ரெபிளை, அதாவது கீச்சொலியைத்தான் குறைக்கிறார்கள்; அது பீசோவின் குறையைத் தீர்க்காது.

எலக்ட்ரோ-அக்கூஸ்டிக்கில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. ஓங்கி ஸ்டிரம் செய்தால் ஒலி பிசிறுகிறது. ஏன்?
– வாசகி, கோவை

பெரும்பாலான மாடல்களில் கேபிளைச் செருகியதுமே ப்ரீஆம்ப் இயங்கத் தொடங்கும். நீங்கள் வாசிக்காவிட்டாலும் 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பிசிறுவது பேட்டரி இறங்கியதற்கு அடையாளம். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஆனால் அதற்கு முன் மிக்சரில் அந்தச் சேனலை மியூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்று விழும் அடி ட்வீட்டரைக் கெடுத்துவிடக்கூடும்.