வாசகர் கேள்வி – பதில்: வாவிக்கரையில் கூடாரமும் பறவைகளும்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளுடன் உடவளவை நீர்த்தேக்கக் கரையில் கூடாரமடித்துத் தங்கிப் பறவைகளைப் பார்க்க விரும்புகிறோம். எங்களில் எவருக்கும் முன்னனுபவம் இல்லை. கொழும்பிலேயே முதலில் பழகிக்கொள்ள முடியுமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாக முடியும். 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ‘ஈரநில நகரம்’ என்னும் அங்கீகாரத்தை முதன்முதலில் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவும் பத்தரமுல்லைப் பக்கத்துத் தலங்கம குளமும் உங்களுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கின்றன. அங்கே கூடாரமடிக்க இயலாது; ஆனால் ஒரு விடியற்காலையை அங்கே செலவிடுவது பெரிய பயிற்சியாக அமையும்.

முதலில் நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். இரண்டும் கரிய நிறத்தவை, இரண்டும் மூழ்கி மீன் பிடிப்பவை, இரண்டும் சிறகை விரித்து வெயிலில் உலர்த்துபவை. ஆயினும் நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும். பாம்புத்தாராவின் அலகோ ஈட்டிபோல் நேராகக் கூர்ந்திருக்கும், அது நீந்தும்போது பெரும்பாலும் நீண்ட கழுத்து மட்டுமே நீருக்கு மேலே தெரியும். இந்த வேறுபாட்டைத் தாமாகவே கண்டுகொண்ட பிள்ளை, அதன் பிறகு எந்தப் பறவையையும் வெறுமனே கறுப்பு, வெள்ளை என்று சொல்லிக் கடந்துபோகாது.

டிசம்பர் நல்ல தெரிவு. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் அப்போது இங்கே தங்கியிருப்பதால், நம் ஊர்ப் பறவைகளோடு தகைவிலான்களையும் உள்ளான்களையும் சேர்த்துக் காணலாம். உடவளவை 1972இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அதற்குள் தங்குவதாயின் வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிவுசெய்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே கூடாரமடிக்க வேண்டும். யானைகளும் முதலைகளும் வாழும் இடம் என்பதால், பிள்ளைகள் நீரோரத்துக்குத் தனியே போகவே கூடாது.

கூடாரத்தில் தங்குவதன் உண்மையான பயன், விடியும்போது நீங்கள் ஏற்கெனவே அங்கே இருப்பதுதான். ஆகவே பறவைகளைத் தேடி அலையாமல், அனுமதிக்கப்பட்ட ஓரிடத்தில் ஒரு மணி நேரமாவது அசையாமல் உட்காருங்கள். நீருக்குள் நிற்கும் பட்டமரங்களைக் கவனித்தால், எந்தப் பறவை எந்தக் கிளையில் வந்தமர்கிறது என்பது மெல்லப் புலப்படும். பைனாகுலர் வாங்குவதாயின் 8x42 அளவே (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீற்றர் முன்வில்லை) போதும். உருப்பெருக்கம் கூடக்கூட, சிறு கைகளில் காட்சி அதிகமாக நடுங்கும். மங்கிய நிற உடை, நுளம்புத் தடுப்பு, குறிப்பேடு ஆகியவை அவசியம். மிச்சச் சோற்றைக் கரையில் கொட்டாதீர்கள். அது காகங்களை வரவழைக்கும், காகங்கள் மற்றப் பறவைகளின் முட்டைகளைத் தேடித் தின்னும்.

கேள்வி: படம் எடுப்பதற்காக நீர்ப்பறவையின் கூட்டுக்கு அருகே செல்லலாமா?
– வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: வேண்டாம். முக்குளிப்பான் என்னும் சிறு நீர்ப்பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டைவிட்டு இறங்குமுன் அது நீர்ப்பாசிகளை அலகால் இழுத்து முட்டைகளை மூடிவிட்டே போகும். திடீரென நீங்கள் நெருங்கினால் மூடுவதற்கு அவகாசமின்றி நீரில் மூழ்கிவிடும். மேலே பறக்கும் காகத்துக்கு அந்த முட்டைகள் அப்படியே தெரியும். தொலைவிலிருந்து எடுக்க முடிந்த படத்தோடு நின்றுகொள்ளுங்கள்.