சந்தை அறிக்கை வாங்கும் முன்

உணவு வண்டி தொடங்கும் முன் காசு கொடுத்துச் சந்தை அறிக்கை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அது மொத்தத் தொழிலின் அளவைச் சொல்லும். நீங்கள் நிறுத்தப்போகும் தெருவைப் பற்றி ஒரு வரி இருக்காது.

முதலில் உள்ளாட்சியின் உரிம விதிகளைப் படியுங்கள். எங்கே நிறுத்தலாம், எத்தனை மணி வரை, கழிவுநீரை எங்கே கொட்டுவது என்பதிலேயே பாதிச் செலவு தெரிந்துவிடும். அப்புறம் போட்டி வண்டிகளின் கூகுள் விமர்சனங்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்களைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘அரை மணி நேரம் நின்றேன்’, ‘ஒரு மணிக்கே தீர்ந்துவிட்டது’ என்பதெல்லாம் கூட்டம் எப்போது குவிகிறது என்று காட்டிக்கொடுக்கும், தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி விற்பனை விளம்பரங்களையும் விடாதீர்கள், ஏன் விற்கிறோம் என்று சிலர் எழுதியிருப்பார்கள்.

மழைநாள் விற்பனை மட்டும் எழுத்தில் கிடைப்பது அரிது. அதை வண்டிக்காரரிடமே நேரில் கேளுங்கள்.