எரியும் பல்பும் ஒழுகாத குழாயும்

வயரிங், பிளம்பிங் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வீட்டு ஆய்வாளர்கள் பதில் அளிக்கிறார்கள்.

கேள்வி: புது வீட்டுக்கு வயரிங் முடிந்துவிட்டது. எர்த் குழி போட்டாயிற்று, எல்லா லைனுக்கும் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறது, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் அதேபோல் விழும் சுவிட்ச்) வீண் செலவு என்கிறார் எலெக்ட்ரீஷியன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. நம்பலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: அந்தப் பல்பை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 100 வாட் பல்பு இழுப்பது சுமார் 0.43 ஆம்பியர். உங்கள் எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அது மோசமான எர்த்தான். ஆனாலும் அந்தச் சிறிய மின்னோட்டத்துக்கு 9 வோல்ட்தான் அதில் இழப்பாகும். மீதி 220 வோல்ட்டும் பல்புக்கே போகிறது, எரியாமல் என்ன செய்யும்?

இப்போது அதே வீட்டில் கீசர் காயில் பழுதாகி ஃபேஸ் அதன் உலோக உடம்பைத் தொடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்துக்கு 2 ஓம் சேர்த்தால் மொத்தம் 22 ஓம். 230-ஐ 22-ஆல் வகுத்தால் 10.5 ஆம்பியர். கீசருக்குப் போட்ட 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது அன்றாட லோடு, விழவே விழாது. கீசர் உடம்பில் சுமார் 209 வோல்ட் நிற்கும். எர்த் ஒயர் எல்லா இடத்துக்கும் பொது என்பதால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலும் அதே வோல்ட்டேஜ் ஏறும்.

குழியைச் சீராக்கி 5 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 33 ஆம்பியர்தான் ஓடும். ‘சி’ வகை 20 ஆம்பியர் எம்.சி.பி. கணத்தில் விழ 100 முதல் 200 ஆம்பியர் வரை வேண்டும். 33 ஆம்பியரில் உள்ளே இருக்கும் பைமெட்டல் பட்டை சூடேறி வளைந்துதான் விழும். அதற்குப் பல நிமிடம் ஆகலாம். எம்.சி.பி. ஒயரைக் காக்கும் சாதனம். ஆளைக் காக்க அதை நம்பக் கூடாது.

ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். 150 மில்லி ஆம்பியரில் 0.04 நொடிக்குள். அதனால் 20 ஓம் எர்த்திலும் அது வேலை செய்யும். அதற்காக எர்த்தை விட்டுவிடக் கூடாது. எர்த் இருந்தால் பழுதான அந்தக் கணமே விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியே மின்சாரம் போன பிறகுதான் விழும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு வித்தியாசமே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எர்த்துக்கு 40 மி.மீ. ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம், சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி. தடையை எர்த் டெஸ்டரால் அளந்து எழுதி வாங்குங்கள். மழைக்காலத்தில் அளந்திருந்தால் கோடையில் மறுபடி அளக்க வேண்டும், மண் காய்ந்தால் தடை ஏறும். பழைய வீடு வாங்குவோர் இன்னொன்றும் பாருங்கள். எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு எப்போதோ நடுவில் ஒரு துண்டு பி.வி.சி.யாக மாறியிருக்கும். அத்தோடு எர்த் அறுந்தது, யாருக்கும் தெரியாது.

கேள்வி: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டார்கள். பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: முதலில் அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். பிறகு எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். விழாமல் நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது நின்றால் பழுது ஏதோ ஒரு சாதனத்தில். கீசர் காயில், இஸ்திரிப் பெட்டி, மாவு அரைக்கும் கிரைண்டர் மூன்றையும் முதலில் சந்தேகப்படலாம். பிளக் எதுவும் இல்லாமலே விழுந்தால் ஒயரில்தான் கோளாறு: ஈரம் ஏறிய சுவிட்ச் பாக்ஸ், படம் மாட்ட அடித்த ஆணி.

எந்த லைனிலும் சேராமல், லோடு போட்டால் மட்டும் விழுகிறதா? நியூட்ரலைப் பாருங்கள். எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கும். அல்லது இரண்டு ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் ஒன்றின் ஃபேஸும் மற்றதன் நியூட்ரலும் ஒரே விளக்குக்குப் போயிருக்கும். இன்வெர்ட்டர் லைன் பிற்பாடு இழுத்த வீடுகளில் இது சர்வ சாதாரணம். நியூட்ரலுக்குக் கையில் கிடைத்த கறுப்பு ஒயரில் முறுக்கி விடுகிறார்கள். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் பார் (நியூட்ரல் ஒயர்களைச் சேர்த்து இறுக்கும் உலோகப் பட்டை) இருக்க வேண்டும்.

எதிலுமே பழுது இல்லாமலும் விழலாம். கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு, ஏ.சி. ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழ விதிமுறையே இடம் தருகிறது. பெரிய வீட்டுக்கு ஒன்றே போதும் என்று மிச்சம் பிடிக்காமல் லைன்களை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

ஒயரைச் சோதிக்க 500 வோல்ட் மெக்கர் (ஒயர் உறையின் காப்புத் தடையை அளக்கும் கருவி). சப்ளையை நிறுத்தி, அந்த லைனின் ஃபேஸையும் நியூட்ரலையும் எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியில் கழற்றி, இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. புது வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வரும். எல்.இ.டி. விளக்குகளையும் கழற்றாமல் மெக்கர் பிடித்தால் அவை கெட்டுப்போகலாம்.

கேள்வி: பாத்ரூம் குழாய்களைப் பூசி டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டோம், ஒழுகல் இல்லை. போதுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: போதாது. பல்புக் கதைதான் இதுவும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம். முதல் மாடிக் குழாய்க்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் 5 மீட்டர் என்றால் அரைக் கிலோ. சொல்யூஷன் (குழாய் ஒட்டும் பசை) சரியாகப் பிடிக்காத எல்போ கூட அதைத் தாங்கிவிடும். பிறகு பிரஷர் பம்பு வைத்ததும் டைல்ஸுக்குப் பின்னால் கசியும்.

கடைசி ஜாயின்ட் ஒட்டி 24 மணி நேரம் கழியட்டும். எல்லா முனையையும் பிளக் போட்டு அடைத்து, மேல் முனை வழியாகக் காற்று முழுவதும் வெளியேறும்படி தண்ணீர் நிரப்பி, கை பம்பால் 10 கிலோ வரை ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். காற்றடித்துச் சோதிக்கச் சம்மதிக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் துண்டுகள் பறக்கும்.

தரைக்குத் தனிச் சோதனை. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் 50 மி.மீ. தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுக் கீழ்த்தள சீலிங்கைப் பாருங்கள். பூசுவதற்கு முன், சுவரில் அளவு டேப்பைப் பிடித்து, குழாயும் கன்ட்யூட்டும் (ஒயர் போகும் பைப்) போகும் பாதையைப் போட்டோ எடுத்து வைத்தால் பின்னாளில் டிரில் போடுகிறவர் வாழ்த்துவார்.

கேள்வி: 25 லிட்டர் கீசரின் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர்.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அடைக்கவே கூடாது. அது அழுத்தம் மிஞ்சினால் திறந்து தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 400 மில்லி விரிகிறது. உள்வழியில் தண்ணீரைத் திருப்பி விடாத வால்வு இருந்தால், விரிந்த தண்ணீர் வெளியேற வேறு வழி கிடையாது. தெர்மோஸ்டாட்டும் கெட்டுவிட்ட நாளில் அந்த அடைப்பு கீசரை வெடிகுண்டாக்கிவிடும். வால்விலிருந்து ஒரு குழாயைக் கீழே இறக்கி, முனையைத் திறந்தபடியே விடுங்கள். சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது இயல்பு. ஆறிய பிறகும் சொட்டினால் வால்வை மாற்றுங்கள், பிரஷர் பம்பு இருந்தால் அதன் அழுத்தத்தைப் பாருங்கள். போர் தண்ணீர் வரும் ஊர்களில் உப்புப் படிந்து வால்வு ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதன் சின்ன நெம்புகோலை ஆறிய நிலையில் தூக்கிவிடுங்கள்.

கீசரிலிருந்து வரும் வெந்நீர் லைன் வெள்ளை யு.பி.வி.சி.யா, இளமஞ்சள் சி.பி.வி.சி.யா என்றும் பாருங்கள். வெந்நீருக்கு யு.பி.வி.சி. தாங்காது, இளகி ஜாயின்ட் விடும். இரண்டுக்கும் சொல்யூஷனும் வேறு வேறு.

கேள்வி: பாத்ரூமில் எவ்வளவு கழுவினாலும் சாக்கடை வாடை.
(வாசகர், மதுரை)

பதில்: நாணி டிராப்பில் (தரைத் தண்ணீர் வடியும் வலைமூடிக்குக் கீழே உள்ள கிண்ணம்) 50 மி.மீ. தண்ணீர் நின்று வாடையைத் தடுக்க வேண்டும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வாடை நின்று, சில நாள் கழித்துத் திரும்பினால் புழங்காத பாத்ரூமில் தண்ணீர் காய்கிறது. வாரம் ஒரு குவளை ஊற்றினால் தீர்ந்தது. மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்ததும் ‘குளுக்’ என்ற சத்தத்தோடு வாடை வந்தால், இறங்கும் தண்ணீர் டிராப்பை உறிஞ்சிவிடுகிறது. அதற்கு மருந்து கழிவுக் குழாய்க்குள் காற்று விடும் வென்ட் பைப்தான்: மொட்டைமாடிக்கு மேல் வரை போய்த் திறந்திருக்க வேண்டும். மூடியிருக்கிறதா, குருவிக்கூடு அடைத்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வாஷ்பேசின் குழாய் தரைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுற்றி இடைவெளி இருந்தால் வாடை அந்த வழியாகத்தான் வருகிறது.