க்யூட்டி மென்பொருளில் லாக் எழுத வைப்பது எப்படி?

க்யூட்டி (Qt) என்பது சி++ மொழியில் மென்பொருள் எழுத உதவும் கருவித்தொகுப்பு. லாக் என்பது மென்பொருள் ஓடும்போது நடப்பதை நேரத்தோடு எழுதிவைக்கும் குறிப்பு. அடுக்ககத்து வாட்ச்மேன் கேட்டில் வைத்திருக்கும் வருகை நோட்டு மாதிரி: தினமும் யாரும் புரட்டுவதில்லை, ஏதாவது காணாமல் போனால் முதலில் தேடுவது அதைத்தான். உங்கள் மென்பொருள் யாரோ ஒருவர் கணினியில் நின்றுபோகும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்களே, அதற்காகத்தான் இது.

க்யூட்டியில் குறிப்பு வரிகளை வெளியிடும் க்யூடீபக் (qDebug) மூலம் எழுதும் வரிகள் தானாகக் கோப்பில் சேராது. விண்டோஸில் ஐகானைச் சொடுக்கித் திறந்தால் அவை பெரும்பாலும் கண்ணிலேயே படாது. சரி, என்ன செய்வது? க்யூட்டி 5 முதல் க்யூஇன்ஸ்டால்மெசேஜ்ஹேண்ட்லர் (qInstallMessageHandler) என்ற ஃபங்ஷன் உண்டு. நிரல் ஓடத் தொடங்கும் மெயின் (main) ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே அதை அழைத்து, வரும் வரிகளைக் கோப்பில் எழுதும் உங்கள் ஃபங்ஷனை அதனிடம் கொடுத்துவிடுங்கள். பல த்ரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே சமயத்தில் எழுத வரலாம், அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எழுதவிடும் மியூடெக்ஸ் பூட்டு அவசியம். வரிக்கு வரி ஃப்ளஷ் செய்யுங்கள், அதாவது நினைவகத்தில் காத்திருக்கும் எழுத்தை உடனே கோப்புக்கு அனுப்பிவிடுங்கள்; இல்லாவிட்டால் க்ராஷ் ஆகும்போது நமக்கு மிகவும் வேண்டிய கடைசி வரிகளே போய்விடும்.

கோப்பை புரோகிராம் ஃபைல்ஸில் வைக்காதீர்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இருக்காது. க்யூட்டியின் க்யூஸ்டாண்டர்ட்பாத்ஸ் (QStandardPaths) சொல்லும் ஆப்டேட்டாலொகேஷன் (AppDataLocation), அதாவது மென்பொருளின் தரவுக்கான ஃபோல்டர்தான் சரியான இடம். அந்த ஃபோல்டர் இல்லையென்றால் முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், கடவுச்சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் லாக்கில் எழுதாதீர்கள்.

பயனருக்குக் கொடுக்கத் தயாரிக்கும் ரிலீஸ் பில்டில் க்யூடீபக் தானாகவே நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, கம்பைல் செய்யும்போது க்யூட்டி_நோ_டீபக்_அவுட்புட் (QT_NO_DEBUG_OUTPUT) என்று நாமே அறிவித்தால்தான் நிற்கும்.