எழுந்ததும் கண் இருட்டுவது, பிரஷர் மட்டும் நார்மல்

நீங்கள் உட்கார்ந்து பார்த்த பிரஷர் 120/80 என்பதை வைத்து, கண் இருட்டுவதற்கு பிரஷர் காரணமில்லை என்று முடிவுகட்ட முடியாது. காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் நாலைந்து நொடி கண் இருட்டுகிறது என்கிறீர்கள். அப்படியானால் நின்றபடிதான் பார்க்க வேண்டும்.

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால், வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். கழுத்துத் தமனியின் சுவரிலும், இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளையும் இடத்திலும் உள்ள நரம்பு நுனிகள் சுவரின் இழுவிசை தளர்ந்ததைக் கண்டு மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். உடனே இதயம் வேகமெடுக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். இது நடந்து முடிய ஆகும் சில நொடிகள்தான் உங்களுக்கு இருட்டு. இரவெல்லாம் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் எழுந்தால் இது கூடுதலாகத் தெரியும். எனக்கு முதல் சந்தேகம் அதில்தான்.

ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் பாருங்கள். அப்புறம் எழுந்து நின்று, 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் ஒன்று, எழுந்ததும் வரும் முதல் சில நொடிப் பிரஷர் சரிவை வீட்டு மெஷின் பிடிக்காது; பட்டையில் காற்று ஏறி இறங்குவதற்குள் உடம்பு சரிசெய்துவிடும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சிலவும் இப்படி எழுந்ததும் கண் இருட்டச் செய்யும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மயங்கி விழுந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.