எச்.ஐ.வி-1 மரத்தின் வேர் 1780-க்குப் போவது ஏன்?

உங்கள் வைரஸ் வம்சாவளி மரத்தின் வேர், அதாவது எல்லா மாதிரிகளின் பொது மூதாதையின் காலம், 1780-க்கு ஓடுவது அந்தக் காலத்தைக் கணிக்கும் நிரலான பீஸ்டின் கோளாறு இல்லை. உங்கள் 40 மாதிரிகளும் 2008–2012-க்குள் அடங்குகின்றன. நான்கு வருட மாற்றத்தை வைத்து நூறு வருடத்தை அளக்கப் பார்க்கிறீர்கள்.

கடிகாரம் இல்லாத மரம் ஒன்றை (கிளை நீளம் காலத்தை அல்ல, மரபணு மாற்றத்தை மட்டும் காட்டுவது) ஐக்யூட்ரீ நிரலில் போட்டு, டெம்ப்எஸ்ட் நிரலில் திறந்து, வேரிலிருந்து ஒவ்வொரு மாதிரிக்குமான வேர்–நுனி தூரத்தை அது எடுக்கப்பட்ட தேதியோடு ஒப்பிடுங்கள். (பீஸ்ட் தந்த மரத்தையே ஏற்றினால் பயனில்லை, பலர் சறுக்குவது இங்கேதான்.) வைரஸின் வெளியுறைக்கான என்வ் மரபணுவுக்கு, அந்த ஒப்பீட்டுக் கோட்டின் சாய்வு ஆண்டுக்கு, மரபணுவின் ஓர் எழுத்திடத்துக்குச் சுமார் 0.002 மாற்றம் என்று வர வேண்டும். தட்டையாகவோ எதிர்மறையாகவோ வந்தால் அந்தத் தரவில் காலமே பதியவில்லை.

1980-களின் மாதிரிகளையும், காங்கோவின் கின்ஷாசாவில் கிடைத்த 1959, 1960 மரபணு வரிசைகளையும் சேருங்கள். அந்தக் கின்ஷாசா வரிசைகள் இரண்டும் துண்டு துண்டானவை. விடுபட்ட இடங்களை நிரப்பாதீர்கள்.

சி.ஆர்.எஃப்07_பிசி போன்ற கலப்பு வகைகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவற்றின் ஒவ்வொரு துண்டுக்கும் வேறு மூதாதை, ஒரே மரத்தில் அடங்காது.