பொரி கொட்டிய வாசல்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். 2020 மார்ச் 22ஆம் தேதி கொரோனாவுக்கான மக்கள் ஊரடங்குக்கு முந்தைய நாள் பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்தவன், இரண்டு மாதங்களுக்கு மேலாக வீட்டிலேயே இருக்கிறேன். முதல் இரண்டு வாரங்கள் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பிறகு வாசலில் நிற்கும் புங்கமரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அது தளிர்த்து, பூத்து, பூவுதிர்த்ததை முதன்முறையாக முழுதாகக் கண்டேன். கிணற்றடியில், இப்போது யாரும் துணி உலர்த்தாத பழைய கொடிக்கயிற்றில், ஒரு சிறு குருவி கூடு கட்டியிருக்கிறது. இவற்றைப் பார்த்தால் மனம் அமைதி அடைகிறது. ஆனால் மூட்டை முடிச்சுகளோடு மனிதர்கள் நெடுஞ்சாலையில் நடந்துபோகும் படங்களைப் பார்த்தபின், இந்த அமைதியே குற்றமாகத் தோன்றுகிறது. இது தப்பித்தல்தானா?

இதைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஆளில்லை. அம்மாவுக்கு இதிலெல்லாம் ரசனை கிடையாது. பூ உதிர்ந்து வாசல் நிறைந்து கிடந்த காலையில், “பொரி கொட்டுன மாதிரி கொட்டிக் கெடக்குது, பெருக்கி மாளல, நீ அதையே பாத்துக்கினு உக்காந்திருக்கே” என்றுதான் சொன்னார். அவரைப் போன்றவர்களுக்கு இயற்கையை ரசிக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா? வேலையை விட்டுவிட்டு இங்கேயே விவசாயம் செய்யலாமா என்றும் யோசிக்கிறேன். இயற்கை குறித்துப் படிக்கச் சில நூல்களையும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

க.

அன்புள்ள க.,

நூல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலையை விடுவது பற்றி இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம். அடைபட்டிருக்கும் காலத்தில் எழுகின்ற ஆசைகளைக் கதவு திறந்தபின் ஒருமுறை வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். தக்காளி பயிரிட்ட உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் இந்தப் பருவத்தில் பறிகூலிக்காவது விலை கட்டியதா என்று கேட்டுவிட்டு, அதன்பின் யோசியுங்கள்.

உங்கள் குற்றவுணர்வைப் பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். நீங்கள் ஒரு மரத்தைப் பார்த்து ஆறுதல் அடைந்ததனால், நடந்து செல்பவரின் தலைச்சுமை ஒரு பலம் எடைகூடக் கூடுவதில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்துக்குச் செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலை உங்களுக்கு அதிக தூரமில்லை. சம்பளம் வருகிறதென்றால் அதில் ஒரு பங்கை, அந்தச் சாலையோரத்தில் தண்ணீரும் சோறும் கொடுத்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது சேர்த்துவிடுங்கள். பிறகு புங்கமரத்தடிக்குத் திரும்புங்கள். துயரப்படுபவனுக்கு மரத்தடி தேவை, அதை வெட்கத்தோடு ஒளித்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த வரி வேறு. ‘அம்மாவுக்கு இதிலெல்லாம் ரசனை கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். சில வாரங்களாக எனக்குள் புரண்டுகொண்டிருந்த ஒன்றை அது தொட்டுவிட்டது.

குறுந்தொகையின் 53ஆம் பாடலில் ஒரு முற்றம் வருகிறது. அந்த முற்றத்தில் நிற்கும் புங்கமரத்தின் பூக்கள் வெண்மணலில் உதிர்ந்து பரவிக் கிடக்கின்றன. முருகனின் பூசாரியான வேலன் சாமி வந்து வெறியாடிய களத்தில் செந்நெற்பொரியைச் சிதறியதுபோல அவை தோன்றுகின்றன என்கிறது பாடல். ஏறத்தாழ 2000 ஆண்டுகளாகத் தமிழ் படித்தவர்கள் வியந்து போற்றிவரும் உவமை அது. உங்கள் அம்மா துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்த முதுகோடு, எந்தப் பாடலையும் படிக்காமல் அதே பூவை அதே பொரிக்கு ஒப்பிட்டிருக்கிறார். முன்வாசல்கூட மாறவில்லை. அந்த வாக்கியத்தை எனக்கு எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அவருக்கு ரசனை இல்லை என்பதற்குச் சான்றாக! இத்தனை ஆண்டுக் கல்வி உங்கள் காதுக்கு என்னதான் செய்தது, தம்பி?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உங்கள் மீது மட்டுமான கோபம் அன்று இது. கிராமத்தில் பிறந்து, படித்து வெளியேறி, பின்பு ‘இயற்கை’ என்ற சொல்லை நகரத்திலிருந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் நம் எல்லோரிடமும் இந்தக் குறை இருக்கிறது. கையில் வேலையில்லாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டுமே ரசனை என்று பெயர் வைத்திருக்கிறோம். பெருக்கிக்கொண்டே, தண்ணீர் சேந்திக்கொண்டே, மாட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே பார்ப்பவர்களின் பார்வை நம் கணக்கில் வருவதில்லை. தளி, ஜவளகிரிப் பக்கத்தில் கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் குடியானவரைவிடக் காட்டின் ஓசைகளைக் கூர்ந்து கேட்பவர் யார்? கிளை முறியும் ஓசை வந்தால் அது எந்தத் திசை, எவ்வளவு தொலைவு என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவருடைய பார்வைக்குள் அச்சமும் கடனும் விளைச்சலும் சேர்ந்தே இருக்கின்றன என்பதற்காக அதில் அழகுக்கு இடமில்லை என்று முடிவுகட்ட நமக்கு என்ன உரிமை?

சென்ற வாரம் கிருஷ்ணகிரி மாவட்டத்து நேரலகிரியில் வெட்டுக்கிளிகள் கூட்டமாக வந்திருப்பதாகப் படங்கள் பரவின. வடமாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிகள் பயிரை அழித்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் எல்லோருக்கும் நடுக்கம். எங்கள் தெருவில் கைபேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்த ஒரு மூதாட்டி, “இது எருக்கந்தழை திங்கிறதாச்சே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவை இங்குள்ள சாதாரண வெட்டுக்கிளிகள்தாம், பாலைவனத்திலிருந்து வந்தவை அல்ல என்று வேளாண் அதிகாரிகளும் பின்னர் தெளிவுபடுத்தினார்கள். அந்த மூதாட்டி வேலியோர எருக்கை ரசித்தாரா என்று எனக்குத் தெரியாது. அறுபது ஆண்டுகளாக அதைக் கடந்து நடந்தவர் அவர்.

என் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பென்னாகரத்துக்கு அருகில் உள்ளது. பதின்மூன்று வயதில் புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டேன். மூங்கில் சிம்பு வைத்து, உளுந்துமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துத் தடவிய துணியால் கட்டுப் போட்டார்கள். கோடை முழுவதும் திண்ணையோரக் கயிற்றுக்கட்டிலில் கிடந்தேன். அந்தத் திண்ணையில் எனக்கு முன்பே ஆறு ஆண்டுகளாக ஆயா உட்கார்ந்திருந்தார். இரு கண்களிலும் புரை முற்றி, வெளிச்சமும் நிழலும் மட்டுமே அவருக்குத் தெரிந்தன. அவர் அங்கே அடைபட்டுக் கிடக்கிறார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. கிழவி என்றால் திண்ணையில் இருப்பாள், அவ்வளவுதான்.

முதல் வாரம் நான் அழுதுகொண்டே கிடந்தேன். ஆயா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஒரு மதியம், “தவிட்டுக்குருவிங்க ஒரே எடத்துல நின்னு கத்துதுங்க, வேலியில பாம்பு இருக்கும், பாரு” என்றார். தலையைத் தூக்கிப் பார்த்தேன். கள்ளிப்புதரின் அடியில் ஒரு சாரைப்பாம்பு நெளிந்து மறைந்தது. அன்றிலிருந்து நான் அவருடைய கண்ணானேன். இரவில் ஏரிப்பக்கம் ஆள்காட்டிக் குருவி கத்தினால் யாரோ கரைமேல் நடக்கிறார்கள் என்பார், சற்று நேரத்தில் அரிக்கேன் விளக்கு ஒன்று அசைந்துவரும். காற்றில் வேப்பம்பூ மணம் மாறியதை வைத்து, காய் பிடிக்கத் தொடங்கிவிட்டதா என்று கேட்பார். முருங்கையின் தாழ்ந்த கிளையில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியபோது, “பொட்டைதான் கட்டும், எட்டுக்கால்பூச்சி நூலைக் கொண்டாந்து ஒட்டும், வாசலுக்கு மேல சின்னதா தாழ்வாரம் எறக்கும், எறக்கிடுச்சா?” என்று நாள்தோறும் விசாரிப்பார். அது தாழ்வாரத்தை இறக்கிய நாளில் நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். வலி என்னை விட்டுப் போய்விடவில்லை, ஆனால் என் நாள் முழுவதையும் அதனால் நிரப்ப முடியவில்லை. நீங்கள் ஆறுதல் என்று எழுதும்போது என் நினைவுக்கு வருவது ஆயாவின் அந்தக் கேள்விகள்தாம்.

கட்டு அவிழ்த்தார்கள். கொஞ்ச நாள் நொண்டி நடந்தேன், பிறகு ஓடினேன். பள்ளியும் ஏரியும் நண்பர்களும் என்னை எடுத்துக்கொண்டார்கள். கூட்டில் குஞ்சுகள் பறந்துவிட்டனவா என்று ஆயா கேட்டது நினைவிருக்கிறது. “அப்புறம் பாத்துச் சொல்றேன் ஆயா” என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். சொல்லவே இல்லை. மறுபடி பார்த்தபோது கூடு பாதி பிய்ந்து தொங்கியது. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார்.

நீங்கள் வீட்டில் இருப்பது 70 அல்லது 80 நாட்கள். உங்கள் அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? அவர் போய்வந்த தூரம் கொல்லைமேடு வரைக்கும், சந்தை வரைக்கும், எப்போதாவது தீர்த்தமலை வரைக்கும் இருந்திருக்கலாம். இத்தனை ஆண்டுகள் ஒரே வாசலில் அவர் எதைப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொண்டார் என்று நீங்கள் ஒருமுறையேனும் கேட்டிருக்கிறீர்களா? அவருக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறீர்கள். முதலில் நாளை விடியற்காலையில் அவர் கையிலிருக்கும் துடைப்பத்தை வாங்கி நீங்கள் வாசலைப் பெருக்குங்கள். உதிர்ந்த புங்கந்தழையும் பூவும் எந்தக் குழிக்குப் போக வேண்டும், எந்தப் பயிருக்கு எருவாகும் என்று அவர் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கிணற்றடியில் பழைய கொடிக்கயிற்றில் குருவி கூடு கட்டியிருப்பதாகவும், அந்தக் கயிற்றில் இப்போது யாரும் துணி உலர்த்துவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டில் துணி துவைத்து உலர்த்துபவர் யார்? புதுக் கொடியை வேறு பக்கம் கட்டியது எந்த நாளில், எதற்காக என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.